மெதான் தோட்டத்து ஒளியும் நிழலும்: எமிலி ஜோலாவின் பிற்கால வாழ்வு

உலக இலக்கிய வரலாற்றில் எமிலி ஜோலாவின் பெயர் இரு பெருஞ்செயல்களால் நிலைபெற்றுள்ளது. ஒன்று, 1871 முதல் 1893 வரை இடையறாது உழைத்து அவர் நிறைவேற்றிய 'ரூகோன்-மக்கார்' வரிசைப் புதினங்கள் இருபது. மற்றொன்று, செய்யாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்ட டிரைபஸ் என்னும் படை அலுவலருக்காக 1898-ஆம் ஆண்டு அவர் எழுப்பிய நீதிக்குரல். தமிழகத்தில் பேரறிஞர் அண்ணா அவரை ஏழை பங்காளர் என்று போற்றி அறிமுகம் செய்ததும் இவ்விரு செயல்களை எண்ணியே ஆகும்.

ஆயினும் அப்பெருமகனாரின் வாழ்வில் பலரும் அறியாத ஒரு பகுதி உண்டு. பேனாவைக் கீழே வைத்த பிற்பகல்களில் அவர் என்ன செய்தார்? யாருடன் இருந்தார்? எதைக் கண்டு மகிழ்ந்தார்? எதை இழந்து அழுதார்? இவ்வினாக்களுக்கு அவருடைய புதினங்களில் முழு விடை இல்லை. அவரே எடுத்துக் கழுவி அச்சிட்ட ஆயிரக்கணக்கான நிழற்படங்களில் அவ்விடை அடங்கியுள்ளது.

உழைப்பால் உயர்ந்தவர்

ஜோலா 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பாரிசில் பிறந்தார். தந்தையார் வெனிஸ் நகரிலிருந்து வந்து குடியேறிய பொறியாளர். தென்பிரான்சின் ஏக்ஸ் நகருக்கு நீர் கொணரும் அணையைத் திட்டமிட்டவர். அப்பணி முடியுமுன்னரே 1847-இல் அவர் மறைந்தார். ஏழு அகவை நிரம்புமுன்னரே தந்தையை இழந்த சிறுவனை வறுமை சூழ்ந்தது. ஏக்ஸ் நகரப் பள்ளியில் பின்னாளில் பேரோவியராய்ப் புகழ்பெற்ற செசான் அவருக்குத் தோழரானார். பாரிசுக்கு வந்தபின் தேர்வில் தோற்று, வேலையின்றித் திரிந்து, 1862-இல் ஒரு பதிப்பகத்தில் சிறு பணியில் அமர்ந்தார். அங்கிருந்து தொடங்கிய எழுத்து வாழ்வு 1877-இல் வெளிவந்த 'லஸொமுவார்' புதினத்தால் பெரும்புகழ் எய்தியது.

அந்நூல் ஈட்டித் தந்த பொருளைக் கொண்டு 1878-இல் சேன் ஆற்றங்கரையில் மெதான் என்னும் சிற்றூரில் ஒரு சிறு வீட்டை அவர் வாங்கினார். புதினங்கள் விற்கவிற்க அவ்வீடும் வளர்ந்தது. இருபுறமும் கோபுரங்கள் எழுந்தன. ஒரு வரியேனும் எழுதாமல் எந்நாளும் கழியலாகாது என்னும் பொருள்படும் இலத்தீன் முதுமொழியைத் தம் எழுத்தறையில் பொறித்து வைத்து, அதனைத் தம் வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்தார். காலைப் பொழுது எழுத்துக்கு உரியது. அதில் யாரும் குறுக்கிடல் ஆகாது.

மெதானில் ஆற்றைக் கடந்தால் ஒரு தீவு. அங்குச் செல்ல ஒரு படகு. அப்படகுக்குத் தம் புதினத் தலைவியின் பெயரான 'நானா' என்பதையே சூட்டினார். கோழிகளும் முயல்களும் பசுக்களும் அவ்வீட்டில் இருந்தன. நாய்கள் எப்போதும் இருந்தன. தோட்டத்தின் எல்லையை ஒட்டித் தொடர்வண்டிப் பாதை ஓடியது. 'மனித மிருகம்' என்னும் புதினத்திற்காக 1889-இல் இயந்திரப் பெட்டியிலேயே ஏறிப் பயணம் செய்தவருக்கு அவ்வண்டிகளின் இரைச்சல் தொல்லையாகத் தோன்றவில்லை. பின்னாளில் அவ்வண்டிகளையே அவர் படம் பிடித்தார்.

இருவேறு இல்லங்கள்

அலெக்சாந்திரின் அம்மையாரை ஜோலா 1870-இல் மணந்தார். வறுமைக் காலத்தில் தோள்கொடுத்த துணைவியார் அவர். ஆனால் அவ்விணையருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. புகழின் உச்சியில் நின்றவருக்கு ஐம்பதை நெருங்கும் அகவையில் அக்குறை பெரிதாய்த் தோன்றியது.

1888-ஆம் ஆண்டில் மெதான் இல்லத்திற்குத் துணி தைக்கும் பணிக்கு வந்தவர் ழான் ரொஸெரோ என்னும் இருபத்தோர் அகவை மங்கை. ஜோலா அவர்பால் உள்ளம் பறிகொடுத்தார். 1889-இல் தெனிஸ் என்னும் மகளும் 1891-இல் ழாக் என்னும் மகனும் பிறந்தனர். அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி, மணமான ஆடவர் மணத்திற்குப் புறம்பே பெற்ற மக்களைத் தம் மக்களென ஏற்றுப் பதிவு செய்தல் இயலாது. ஆகவே தம் குருதியில் பிறந்த குழந்தைகளுக்குத் தம் பெயரைத் தர இயலாதவராய் அப்பேரெழுத்தாளர் இருந்தார்.

1891-ஆம் ஆண்டின் இறுதியில் பெயரில்லாக் கடிதம் ஒன்று அலெக்சாந்திரினுக்கு எல்லாவற்றையும் அறிவித்துவிட்டது. இல்லத்தில் புயல் வீசியது. பிரிவு நேரும் என்று நண்பர்கள் அஞ்சினர். ஜோலாவோ மனைவியைக் கைவிடவும் ஒருப்படவில்லை. மக்களின் தாயைக் கைவிடவும் ஒருப்படவில்லை. இருவருக்கும் அவர் துன்பம் இழைத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. மற்றவர் வாழ்வை ஒளிவுமறைவின்றி எழுதியவர் தம் வாழ்வை மறைத்து வாழ நேர்ந்த முரண்பாட்டை அவரும் அறிந்தே இருந்தார்.

மெல்ல மெல்ல ஓர் ஒழுங்கு உருவாயிற்று. காலை எழுத்துக்கு, நண்பகல் உணவு அலெக்சாந்திரினுடன், பிற்பகல் ழானுடனும் குழந்தைகளுடனும். கோடையில் ழானும் குழந்தைகளும் மெதானுக்கு அருகிலேயே வாடகை வீட்டில் தங்குவர். பிற்காலத்தில் வெர்னேய் என்னும் ஊர் அவர்களுடைய கோடை இருப்பிடமாயிற்று. ஜோலா மிதிவண்டியில் ஏறி மெதானிலிருந்து அங்குச் செல்வார். அக்காலத்தில் மிதிவண்டி புதுமைப் பொருள். உடல் பருத்திருந்தவர் உணவைக் கட்டுப்படுத்தி இளைத்து, ஐம்பதைக் கடந்தபின் மிதிவண்டிப் பித்தரானார். அவ்விரு சக்கரங்களே இரு இல்லங்களையும் இணைத்தன.

இச்சூழலில் 1893-இல் வெளிவந்த வரிசையின் இறுதிப் புதினமான 'டாக்டர் பஸ்கால்', முதிய அறிஞர் ஒருவருக்கும் இளநங்கை ஒருத்திக்கும் இடையே மலர்ந்த அன்பைப் பேசுவது. அதன் பொருளைப் புரிந்துகொண்டோர் அந்நாளில் மிகச் சிலரே.

கண்ணாடித் தகடுகளில் ஒரு கதை

நிழற்படக் கலையின் முதற்பாடத்தை ஜோலா 1888-ஆம் ஆண்டுக் கோடையில் ருவாயான் என்னும் கடற்கரை ஊரில் பெற்றார். ஆனால் முழு ஈடுபாடு வந்தது ஆறாண்டுகளுக்குப் பின்னர், ஏறத்தாழ 1894-இல். இருபது புதினங்கள் முடிந்துவிட்டன. நெஞ்சிலும் நாளிலும் ஓரிடம் காலியாயிற்று. அவ்விடத்தில் கேமரா வந்து அமர்ந்தது.

அக்கலையும் அப்போது எளிதாகியிருந்தது. முன்னாளில் தகட்டின்மேல் ஈர மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவுதல் வேண்டும். உலர்தகடு வந்தபின் கடையிலிருந்து வாங்கி வைத்து வேண்டும்போது பயன்படுத்த முடிந்தது. ஆதலின் தொழில்முறைப் படக்காரர் அல்லாதாரும் இக்கலையில் புகுந்தனர். ஜோலா ஆர்வத்திற்காகச் செய்தாரேயன்றி அரைகுறையாகச் செய்தாரல்லர். ஏறத்தாழப் பத்துக் கருவிகள் அவரிடம் இருந்தன. பாரிஸ் இல்லம், மெதான், வெர்னேய் ஆகிய மூன்றிடங்களிலும் இருட்டறைகள் அமைத்தார். கழுவுதல், அச்சிடுதல், பெருக்குதல் யாவும் தம் கையாலேயே. ஒரே படத்தைப் பலவகைத் தாள்களில் அச்சிட்டு, நீலநிறத்திலும் பழுப்புநிறத்திலும் எது பொருந்துகின்றது என்று ஆய்ந்தார். தாமும் படத்தில் இடம்பெறும்பொருட்டுத் தொலைவிலிருந்தே கருவியை இயக்கும் அமைப்பு ஒன்றையும் உண்டாக்கிக்கொண்டார்.

சுரங்கத்தைப் பற்றி எழுதுமுன் 1884-இல் ஆன்சின் சுரங்கத்தினுள் இறங்கிக் குறிப்பெடுத்தவர் அவர். கண்டதை நம்பி எழுதிய அவருக்குக் கேமரா புதினம் எழுதும் கருவியாகப் பயன்பட்டிருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. பெரும்புதினங்கள் முடிந்தபின்னரே அக்கருவி கைக்கு வந்தது. எடுத்த படங்களை அவர் வெளியிடவும் இல்லை, விற்கவும் இல்லை. பெரும்பாலானவை வீட்டுப் படங்கள்: தொப்பியணிந்த தெனிஸ், மிதிவண்டியோடு ழாக், தேநீர் மேசையைச் சுற்றி அமர்ந்த குடும்பம், சன்னலருகே ழான், மெதான் தோட்டத்தில் அலெக்சாந்திரின், மழைநாளின் பாரிஸ் தெரு, விரைந்தோடும் தொடர்வண்டி.

குழந்தைகளின் படங்களைத் தொகுத்து ஒரு படத்தொகுப்பு ஏடும் அமைத்தார். அதற்குத் தெனிஸ், ழாக் ஆகிய இருவர் பெயரையும் தலைப்பாக இட்டு, இஃது எமிலி ஜோலா இயற்றிய உண்மைக்கதை என்னும் பொருள்பட ஒரு துணைத்தலைப்பும் அளித்தார். அத்தலைப்பின் பின்னே உள்ள ஏக்கத்தைக் கவிஞர் உள்ளம் எளிதில் உணரும். பதிவேட்டில் எழுத முடியாத உறவை அவர் இவ்வேட்டில் எழுதினார். நாடறிந்த தம் பெயரைப் புதினங்களின் முகப்பில் இட்டது போலவே, யாரும் காணாத அவ்வேட்டின் முகப்பிலும் இட்டார். சட்டம் தந்தையென ஏற்காதவரைத் தந்தையென அறிவித்த ஆவணம் அதுவே.

பேன்பேன் என்னும் தோழன்

விலங்குகள்பால் ஜோலா கொண்ட பரிவு புதினங்களிலும் புலப்படும். 'ழெர்மினால்' புதினத்தில் சுரங்க இருளிலேயே உழைத்து மாயும் குதிரைகளைப் படித்தோர் மறத்தல் அரிது. 'வாழ்வின் இன்பம்' என்னும் புதினத்தில் மத்தியு என்னும் நாயும் குடும்பத்தில் ஒருவனாகவே இடம்பெறும். 1896-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'லெ ஃபிகாரோ' இதழில் விலங்கன்பு குறித்தே தனிக்கட்டுரை ஒன்று வரைந்தார். வாயில்லா உயிரின் துயர் தம்மை ஏன் இத்துணை வாட்டுகின்றது என்பதை அதில் ஆராய்ந்தார்.

அவருடைய பிற்காலத் தோழனாய் விளங்கியது பேன்பேன் என்னும் சிறிய பொமரேனியன் நாய். திருவாளர் பேன் என்று மரியாதையோடு அதனை விளிப்பதும் உண்டு. காலையில் அவர் எழுதும்போது யாரும் நுழையக்கூடாத எழுத்தறையில் அதற்கு மட்டும் தடையில்லை. எழுதும் நேரமெல்லாம் அருகிலேயே படுத்திருக்கும். அவரும் அதுவும் சேர்ந்திருக்கும் படங்கள் உள்ளன. உலகையே எதிர்த்து நின்ற கண்டிப்பான முகம் அப்படங்களில் இளகியிருக்கக் காணலாம்.

நாடு கடந்த நாள்கள்

1898 சனவரி 13-ஆம் நாள் 'லோரோர்' நாளிதழில் குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. டிரைபஸ் குற்றமற்றவர், உண்மையை மறைத்த படைத்தலைவர்களே குற்றவாளிகள் என்று பெயர் சுட்டி முழங்கியது அக்கடிதம். ஐம்பத்தெட்டு அகவையை நெருங்கியவர். செல்வம், புகழ், அமைதி, இரு குழந்தைகளின் மழலை அனைத்தும் வாய்த்தவர். வாய்மூடி இருந்திருப்பின் அவர் எதனையும் இழந்திருக்க மாட்டார். வீதியில் கல்லெறியும் வசைமொழியும் அவரைத் தொடர்ந்தன. பிப்ரவரியில் ஓராண்டுச் சிறையும் மூவாயிரம் பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. அத்தீர்ப்பு நீக்கப்பட்டு, சூலை 18-ஆம் நாள் வெர்சாய் நகரில் வழக்கு மீண்டும் வந்தபோது, வழக்கறிஞரும் நண்பர்களும் அறிவுறுத்தியவாறு அன்றிரவே அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். மாற்றுத்துணி கூட எடுத்துச் செல்ல நேரமில்லை.

ஆங்கிலம் அறியாதவர், மாற்றுப் பெயர்களில் மறைந்து வாழ வேண்டியவர். அவருடைய நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வைசட்லி அவருக்கு உறுதுணையாய் இருந்தார். ஆகஸ்டில் ழானும் குழந்தைகளும் வந்து அக்டோபர் வரை உடனிருந்தனர். பின்னர் அலெக்சாந்திரினும் வந்து தங்கினார். குழந்தைகள் செல்லத் தடை சொல்லாத அளவுக்கு அவ்வம்மையாரின் உள்ளம் அப்போது கனிந்திருந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் மெதானிலிருந்து ஒரு செய்தி வந்தது. பேன்பேன் இறந்துவிட்டது. தலைவரைக் காணாத ஏக்கமே அதன் உயிரை வாங்கிற்று என்று ஜோலா நம்பினார். நீதிமன்றத்தின் கூச்சலுக்கு அஞ்சாதவர், செய்தித்தாள்களின் இழிமொழிக்குக் கலங்காதவர், அந்தச் சிறு நாயின் மறைவுக்கு ஆற்றாது வருந்தினார். பெரும்போரில் வென்றோரும் தோற்றோரும் பிறர் கண்ணுக்குத் தெரிவர். போர் எது என்றே அறியாமல் வாசலில் காத்திருந்து மடிந்த உயிர் யார் கணக்கிலும் இடம்பெறாது. ஜோலாவின் கணக்கில் அஃது இடம்பெற்றது. அக்காலக் குறிப்புகளில் அவ்விழப்பையும் அவர் பதிந்து வைத்தார். பின்னரும் அதுபற்றி எழுதினார்.

இலண்டனின் தென்புறத்தில் அப்பர் நார்வுட் என்னும் பகுதியில் ஒரு விடுதியில் தங்கிய அவர், காலையில் 'வளமை' என்னும் புதினத்தை எழுதினார். பிற்பகலில் மிதிவண்டியோடும் கேமராவோடும் உலவினார். அமைதியான தெருக்கள், கடை முகப்புகள், மிதிவண்டியில் செல்லும் மகளிர், பளிங்கு மாளிகை எனப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் ஆகியன அவர் தகடுகளில் பதிந்தன. வெறுப்பின் சுவடு ஒன்றும் அப்படங்களில் இல்லை. தம்மை விரட்டிய நாட்டை நினைந்து புலம்பாமல், தமக்கு இடமளித்த தெருவைக் கூர்ந்து நோக்கிய கண்களே அவற்றில் தெரிகின்றன.

மீண்ட வீடும் இறுதி நாளும்

டிரைபசின் தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியதும், 1899 சூன் 5-ஆம் நாள் ஜோலா தாயகம் திரும்பினார். மெதான் தோட்டம் இருந்தது; பேன்பேன் இல்லை. 1900-ஆம் ஆண்டு பாரிசில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றபோது அறுபது அகவை நிரம்பிய அவர் இளைஞரைப் போல் கருவிகளைச் சுமந்து திரிந்து நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தார். ஈஃபல் கோபுரத்தின் மேலிருந்தும் நகரைப் பதிவு செய்தார். ஒரு பொருளைப் படம் பிடித்துப் பார்த்தாலன்றி அதனை முழுமையாய்க் கண்டதாகச் சொல்ல இயலாது என்பது அவர் கருத்தாயிருந்தது.

1902 செப்டம்பர் 28-ஆம் நாள் கோடை முடிந்து மெதானிலிருந்து பாரிஸ் இல்லத்திற்கு இணையர் இருவரும் திரும்பினர். குளிர் மிகுந்திருந்தமையால் படுக்கையறையில் கரி அடுப்பு மூட்டப்பட்டது. புகைபோக்கி சரிவர இயங்கவில்லை. நச்சுக்காற்று அறையை நிறைத்தது. மறுநாட் காலை ஜோலா உயிரற்றுக் கிடந்தார். அலெக்சாந்திரின் பிழைத்துக்கொண்டார். புகைபோக்கியைப் பகைவர் எவரேனும் அடைத்தனரோ என்னும் ஐயம் எழுந்து, இன்றளவும் ஐயமாகவே நிற்கின்றது.

1906-இல் டிரைபஸ் குற்றமற்றவர் என்று முடிவாய் அறிவிக்கப்பட்டார். 1908-இல் ஜோலாவின் உடல் நாட்டுப் பெருமக்கள் துயிலும் பாந்தியோனில் வைக்கப்பட்டது. இவ்விரு வெற்றிகளையும் வரலாறு பேசும். மூன்றாவதாக ஒரு வெற்றி உண்டு. ஒருகாலத்தில் வெகுண்டெழுந்த அலெக்சாந்திரின் அம்மையாரே கணவரின் மறைவுக்குப் பின் முயன்று, தெனிசும் ழாக்கும் எமிலி-ஜோலா என்னும் பெயரைச் சட்டப்படி தாங்குமாறு செய்தார். மெதான் வீட்டையும் குழந்தைகளுக்கான இல்லமாகும்படி 1905-இல் கொடையளித்தார். படத்தொகுப்பின் முகப்பில் தந்தை எழுதி வைத்த உண்மைக்கதையை அவருடைய துணைவியார் உலகறிய மெய்ப்பித்தார். துன்புற்றவரே பெருந்தன்மை காட்டிய இச்செயல், ஜோலாவின் எந்தப் புதினத்தின் முடிவுக்கும் குறைந்ததன்று.

தெனிஸ் 1931-இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மருத்துவரான ழாக்கின் மகன் பிரான்சுவா, பாட்டனாரின் நிழற்படங்களைத் தொகுத்து 1979-இல் நூலாக்கியபோதுதான் அக்கண்ணாடித் தகடுகளின் செல்வம் உலகிற்குப் பரவலாய்த் தெரியவந்தது. மெதான் இல்லம் 1985 முதல் அருங்காட்சியகமாயிற்று.

கவிதை எழுதுவோர்க்கும் கற்போர்க்கும் இவ்வாழ்வு உணர்த்துவது ஒன்றுண்டு. நீதிக்காகக் குரலெழுப்பிய நெஞ்சும் நாய்க்குட்டிக்காக அழுத நெஞ்சும் வேறுவேறல்ல. மகளின் தொப்பி நிழலைத் தகட்டில் பதிக்கக் காத்திருந்த பொறுமையே, முகமறியா மனிதன் ஒருவனின் துயரையும் காணச் செய்தது. மெதான் தோட்டத்தின் ஓரத்தில் இன்றும் தொடர்வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் புகையைப் பிடித்து வைத்த தகடுகளும், எழுத்தறையில் படுத்திருந்த சிறு நாயின் படமும் எஞ்சியுள்ளன. அவற்றோடு, தம் அன்பைத் தம் கையாலேயே இருட்டறையில் கழுவியெடுத்து ஒளிக்குக் கொணர்ந்த மனிதரின் நினைவும் எஞ்சியுள்ளது.